இல்லாத எஞ்சினின் மெய்யான ஒலி

ஃபிளைட் சிமுலேட்டர் வகை வீடியோ கேமில் பறக்கும் விமானத்துக்கு எஞ்சின் கிடையாது. சிலிண்டர், பிஸ்டன், எரியும் பெட்ரோல் எதுவும் அங்கில்லை. இருப்பவை சில எண்கள்தான்: நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி, உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம் இவ்வளவு, எண்ணெயின் சூடு இவ்வளவு. நொடிக்குப் பல முறை அவை மாறுகின்றன. மாற்றத்துக்கேற்ப ஸ்பீக்கரிலிருந்து ஓர் உறுமல் எழுகிறது. அது அசலாக இல்லை என்று ஆட்டக்காரர்கள் குறை சொல்கிறார்கள். வடிவமைப்பாளர்கள் திருத்துகிறார்கள். அடுத்த பதிப்பு வந்ததும் இப்போதுதான் உண்மையாக இருக்கிறது என்று அதே ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இல்லாத ஒரு பொருளின் ஒலியை மெய் என்றும் பொய் என்றும் எப்படித் தரம் பிரிக்க முடிகிறது? அசல் எஞ்சின் போடும் சத்தத்தை ஒத்திருப்பதுதான் மெய்ம்மை என்று உடனே விடை சொல்லிவிடலாம். ஆனால் எந்தச் சத்தத்தை, எங்கே நின்று கேட்ட சத்தத்தை ஒத்திருக்க வேண்டும் என்று கேட்டால் அந்த விடை நிலைகொள்ளாது.

ஓர் எஞ்சினை அருகில் போய்ப் பார்த்தால் சிக்கலின் அளவு தெரியும். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்: 27 லிட்டர் கொள்ளளவு, வி வடிவில் அமைந்த 12 சிலிண்டர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிபொருள் வெடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் ஓடும்போது நொடிக்கு 300 வெடிப்பு. காதுக்கு அது 300 ஹெர்ட்ஸ் சுருதியாக வந்து சேர்கிறது. எஞ்சினின் வேகம் அப்படியே புரொப்பல்லருக்குப் போவதில்லை. மெர்லின் 45 ரகத்தில் இடையிலுள்ள பல்சக்கரங்கள் அதை 0.477 மடங்காகக் குறைக்கின்றன. மூன்று பிளேடு கொண்ட புரொப்பல்லர் நொடிக்கு ஏறத்தாழ 24 முறை சுற்றி, 72 ஹெர்ட்ஸ் அளவில் காற்றை அறைகிறது. 300-க்கும் 72-க்கும் இடையே சீரான விகிதம் இல்லாததால் இரண்டும் சேர்ந்த ஒலி எப்போதும் சற்றே புரண்டுகொண்டிருக்கும். பன்னிரண்டு சிலிண்டர்களும் ஒரே பலத்தோடு வெடிப்பதும் இல்லை. அந்தச் சிறு ஏற்றத்தாழ்வு இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை திரும்ப வந்து, 25 ஹெர்ட்ஸில் ஓர் அடிக்கரகரப்பை உண்டாக்குகிறது. இவற்றோடு சூப்பர்சார்ஜரின் கீச்சும், புகைக்குழாய்களின் அதிர்வும், கண்ணாடி மூடியின் மேல் ஓடும் காற்றின் இரைச்சலும் சேர்கின்றன. மெர்லினின் ஒலி என்று ஒருமையில் சொல்லப்படுவது இத்தனையின் கூட்டு.

ஒலியின் பிறப்பை நுணுகி ஆராய்ந்த பழைய மரபுகளில் ஒன்று வைசேஷிகம். கணாதரின் சூத்திரங்கள் ஒலிக்கு மூன்று பிறப்பு வழிகளைச் சொல்கின்றன: இரண்டு பொருள் சேர்வதால் பிறப்பது, சேர்ந்திருந்தவை பிரிவதால் பிறப்பது, ஒலியிலிருந்தே ஒலி பிறப்பது. முரசில் கோல் விழுவதை முதல் வகைக்கும், மூங்கில் பிளப்பதை இரண்டாம் வகைக்கும் உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். மூன்றாம் வகையில்தான் அந்த மரபின் நுட்பம் இருக்கிறது. முரசிடத்தில் பிறந்த ஒலி காதுவரை பயணம் செய்வதில்லை. அது அடுத்த ஒலியைப் பிறப்பித்துவிட்டு அழிகிறது. அந்த ஒலி இன்னொன்றைப் பிறப்பிக்கிறது. நீரலைகள் ஒன்றையொன்று தள்ளிப் பரவுவதுபோலப் பரவுகிறது என்றார்கள் சிலர். கதம்ப மொட்டு எல்லாத் திசையிலும் ஒருங்கே விரிவதுபோல விரிகிறது என்றார்கள் வேறு சிலர். எப்படியானாலும் காது அறிவது அந்தத் தொடரின் கடைசி ஒலியை மட்டுமே. ஒலியைத் தாங்குவது ஆகாயம் என்று அவர்கள் கொண்டது இன்றைய இயற்பியலுக்கு ஒத்துவராது. ஆனால் முதல் ஒலி வேறு, கேட்கப்படும் ஒலி வேறு என்ற பிரிப்பு இன்றும் நிற்கிறது.

ஒலிப்பதிவுக்குப் போகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வதும் இந்தப் பிரிப்பில்தான். புகைக்குழாய்க்கு அருகே ஒரு மைக், விமானியின் தலைக்குப் பக்கத்தில் ஒன்று, வாலுக்குப் பின்னால் ஒன்று, ஓடுபாதையின் கோடியில் ஒன்று என வைத்தால் நான்கும் நான்கு விதமாகப் பதிவாகும். நான்குமே மெர்லின்தான். ஒவ்வொன்றும் வெவ்வேறு தொடரின் கடைசி ஒலி. அவற்றில் ஒன்றை மட்டும் தனித்து அசல் என்று சொல்ல வழியில்லை. எல்லாத் தொடருக்கும் முன்னால் இருக்கும் முதல் ஒலியைப் பிடித்துவிடலாம் என்றால், அது பன்னிரண்டு சிலிண்டருக்குள்ளும் மூன்று பிளேடின் நுனியிலும் சிதறிக் கிடக்கிறது.

தூரம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானத்தின் ஒலி ஒன்பது நொடி கழித்தே காதுக்கு வருகிறது. அது வரும் திசையில் அப்போது விமானம் இருப்பதில்லை. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் விளக்கிய விளைவும் இதோடு சேர்கிறது. மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்குமேல் தாழப் பறக்கும் ஸ்பிட்ஃபயரின் 72 ஹெர்ட்ஸ் ஒலி, வரும்போது 128 ஹெர்ட்ஸாகவும் போகும்போது 50 ஹெர்ட்ஸாகவும் கேட்கும். ஒரு ஸ்தாயிக்கு மேல் சுருதி சரிகிறது. எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை. ஒலி என்பது மூலத்தில் நடக்கும் நிகழ்ச்சி என்று 1994-ல் ரொபெர்த்தோ கசாத்தியும் ஜெரோம் தொக்கிக்கும் வாதிட்டார்கள். 2007-ல் கேசி ஓ’கல்லகனும் அதே வழியில் நூல் எழுதினார். அந்தக் கொள்கைப்படி சுருதி சரிவு கேட்பவரிடம் நேரும் பிறழ்ச்சி. வைசேஷிகப்படி பார்த்தால் கேட்கப்படுவதே அந்தச் சரிந்த ஒலிதான். அதில் பிறழ்ச்சி எதுவும் இல்லை. நல்ல சிமுலேட்டர் இரண்டையும் கணக்கில் வைத்துக்கொள்கிறது: மூலத்தில் பிறக்கும் சுருதி ஓர் எண், கேட்பவரின் இடத்தில் வரும் சுருதி வேறோர் எண். காற்று உயர்ந்த அதிர்வெண்களை அதிகமாக உறிஞ்சுவதால் தொலைவில் கீச்சு மறைந்து முழக்கம் மட்டும் மிஞ்சுவதும், தரையில் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியோடு கலந்து சில அதிர்வெண்களை விழுங்குவதும் இரண்டாம் எண்ணின் பக்கத்தில் சேர்பவை.

விளையாட்டில் மட்டும் உள்ள ஒரு சிக்கலும் உண்டு. பறக்கும் விமானத்தை அதே வேகத்தில் பின்தொடர்ந்து காட்டும் பார்வைக் கோணத்தைப் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். அந்த இடத்தில் எந்த மனிதக் காதும் இருந்ததில்லை. இருந்தால் எதிர்க்காற்றின் இரைச்சலில் எஞ்சினே கேட்காது. அங்கே எந்த ஒலி சரி? காற்று இரையாத, வேகத்தில் விமானத்தோடு இணைந்த, உடலில்லாத ஒரு காதுக்கு என்ன கேட்டிருக்குமோ அது என்றுதான் சொல்ல முடியும். நடந்ததோடு ஒப்பிட்டு இந்தக் கூற்றைச் சோதிக்க முடியாது. ஆனாலும் அது வெறும் விருப்பம் அல்ல. இயற்பியல் அதற்கு வரம்பு கட்டுகிறது. ஒலியை மிஞ்சிய வேகத்தில் வரும் போர்விமானத்தின் முன்னால் அந்தக் காதை வைத்தால் நிசப்தம்தான் சரியான ஒலி.

ஒலி என்பது காற்றின் அசைவு, அவ்வளவுதான் என்று இந்தச் சிக்கல்களை அறுத்துவிட முயலலாம். ஜார்ஜ் பெர்க்லி 1713-ல் வெளியிட்ட மூன்று உரையாடல்களில் ஹைலாஸ் என்ற பாத்திரம் இதைத்தான் சொல்கிறது: கேட்கும் ஒலி ஒன்று, வெளியே இருக்கும் உண்மையான ஒலி வேறொன்று, உண்மையானது காற்றின் அசைவே. அப்படியானால் உண்மையான ஒலியைப் பார்க்கலாம், தொட்டும் அறியலாம், ஆனால் ஒருநாளும் கேட்க முடியாது என்று மறுக்கிறது ஃபிலோனஸ் என்ற பாத்திரம். மூன்று நூற்றாண்டுக்கு முன் அபத்தமாகக் காட்டப்பட்ட அந்த முடிவு இன்று ஒலி வடிவமைப்பாளரின் திரையில் அன்றாடம் நிகழ்கிறது. அசல் எஞ்சினின் பதிவையும் விளையாட்டின் ஒலியையும் நிறமாலைப் படமாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடுகள் பொருந்துகின்றனவா என்று அவர் கண்ணால் சரிபார்க்கிறார். படம் பொருந்தினாலும் காது ஒப்பாமல் போவது உண்டு.

அதற்கு ஒரு காரணம் உரப்பு. போர்க்காலத்து விமானத்தின் காக்பிட்டில் ஒலி 100 டெசிபலைத் தாண்டும். வீட்டில் யாரும் அந்த அளவில் வைத்துக் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. உரப்பைக் குறைத்தால் ஒலி சிறிதாவதோடு நிற்பதில்லை, அதன் குணமும் மாறுகிறது. ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் வெளியிட்ட அளவீடுகள் காட்டியபடி, மெல்லிய ஒலியில் காது தாழ்ந்த அதிர்வெண்களைக் கணிசமாக இழக்கிறது. 72 ஹெர்ட்ஸ் அறையும் 25 ஹெர்ட்ஸ் கரகரப்பும் மங்கிப்போக, மெர்லின் தையல் மெஷின்போல ஒலிக்கும். எனவே வடிவமைப்பாளர் அடித்தளத்தை வேண்டுமென்றே உயர்த்துகிறார், வெடிப்பின் முனையைக் கூராக்குகிறார். பதிவைத் திரித்தால்தான் கேட்கும் அனுபவம் நேராகிறது. பிளேட்டோவின் ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் எலியா நகரத்து விருந்தாளி, போலி செய்யும் கலையை இரண்டாகப் பிரிக்கிறார். மூலத்தின் அளவுகளை அப்படியே காத்துச் செய்வது ஒன்று. பிரம்மாண்டமான சிலைகளில் மேற்பகுதி சிறுத்துத் தெரியும் என்பதற்காக அளவுகளை மாற்றி, கீழே நிற்பவருக்கு அழகாகத் தோன்றும்படி செய்வது இன்னொன்று. இரண்டாவதை அவர் மெய்யைக் கைவிட்ட கலையாகவே கருதுகிறார். எஞ்சின் ஒலியைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பை ஏற்க முடியாது. அளவு மாறாத படிதான் இங்கே பொய்யான செய்தியைத் தருகிறது. வீட்டு உரப்பில் காது இழப்பதை ஈடுகட்டிய படி மெய்யான செய்தியைத் தருகிறது.

அடுத்தது ஒலியை உண்டாக்கும் முறை. பல விளையாட்டுகளில் வெவ்வேறு சுழற்சி வேகத்தில் பதிவுசெய்த துண்டுகள் வளையமாக ஓடும். வேகம் கூடக்கூட ஒன்று மங்கி அடுத்தது எழும். இடைப்பட்ட வேகங்களுக்குத் துண்டின் சுருதியை ஏற்றியிறக்கிச் சமாளிப்பார்கள். எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. இதிலுள்ள குறை காதுக்கு எளிதில் பிடிபடும். எஞ்சின் வேகம் கூடும்போது வெடிப்பின் சுருதி ஏறும். ஆனால் புகைக்குழாயின் நீளமோ எஞ்சினை மூடிய தகட்டின் அளவோ மாறாததால் அவற்றின் அதிர்வு இருந்த இடத்திலேயே இருக்கும். பதிவின் சுருதியை மொத்தமாக ஏற்றினால் குழாயும் தகடும் சேர்ந்து சுருங்கியதுபோல ஆகிவிடும். பெரிய எஞ்சின் பொம்மை எஞ்சினாகிவிடும். மாற்று வழி, ஒலியைப் பதிவிலிருந்து எடுக்காமல் வெடிப்பு, குழாய், பிளேடு ஒவ்வொன்றுக்கும் உரிய கணிதத்தைக் கொண்டு அந்தந்தக் கணத்தில் புதிதாகப் பிறப்பிப்பது.

இந்த இரண்டு முறைகளைப் பார்க்கும்போது ஒலி நிலையானதா நிலையற்றதா என்ற பழைய வழக்கு நினைவுக்கு வருவது இயல்பு. எழுத்தொலி என்றும் உள்ளது, மூச்சும் நாவும் அதை வெளிப்படுத்த மட்டுமே செய்கின்றன என்றது மீமாம்சை. ஒலி செய்யப்படுவது, ஆகவே அழிவது என்றார்கள் நையாயிகர்களும் பௌத்தர்களும். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவையியல் கற்பிக்கும்போது எடுத்துக்கொள்ளும் மாதிரி வாதமும் ஒலி நிலையற்றது என்பதே. செய்யப்படுவதால் குடம்போல அதுவும் அழியும் என்பது அதன் அமைப்பு. பதிவை ஓடவிடும் முறை மீமாம்சையின் படத்தை நினைவூட்டுகிறது: ஒலி முன்பே இருக்கிறது, த்ராட்டில் அதை வெளிக்கொணர்கிறது. கணந்தோறும் பிறப்பிக்கும் முறை பௌத்தப் படத்துக்கு நெருக்கமானது. மீமாம்சகர்கள் நிலையானது என்றது எழுத்தொலியைத்தான், இரைச்சலை அல்ல. ஆகவே ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. ஆனாலும் அது ஒன்றைத் தெளிவாக்குகிறது. பதிவு அசலிலிருந்து வந்தது என்பதாலேயே அதை மெய் என்றும், பிறப்பிக்கப்பட்டது செயற்கை என்பதாலேயே பொய் என்றும் சொல்லும் வழக்கம், ஒலி ஏதோ ஒரு பெட்டகத்தில் கெடாமல் காத்திருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

அசல் பதிவும் பொய் சொல்லும் என்பதற்குத் திரையுலகத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. கை ஹாமில்டன் இயக்கி 1969-ல் வெளிவந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்துக்கு ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள் தேவைப்பட்டன. ஸ்பெயினில் அதே வடிவில் தயாரான புச்சோன் விமானங்கள் அந்த வேடத்தில் பறந்தன. அவற்றில் இருந்தவை டைம்லர் பென்ஸ் எஞ்சின்கள் அல்ல, மெர்லின்கள். ஹெய்ங்கல் குண்டுவீச்சு விமானங்களாக வந்தவையும் ஸ்பெயினின் தயாரிப்புகளே; அவற்றிலும் மெர்லின்கள். துரத்தியவையும் துரத்தப்பட்டவையும் ஒரே பிரிட்டிஷ் எஞ்சினால் ஓடின. அந்த வானத்தில் பதிவுசெய்த ஒவ்வொரு ஒலியும் அசல் விமானத்தின் அசல் ஒலிதான். அதை 109-இன் ஒலியாக ஒரு விளையாட்டில் வைத்தால் நிறமாலைப் படத்தில் ஒரு கோடுகூடப் பிசகாது; சொல்லும் சேதி மட்டும் முழுப்பொய்யாக இருக்கும்.

ஆகவே மெய்ம்மையை ஒப்புமையில் தேடுவதைவிட ஒலிக்கும் காரணத்துக்கும் உள்ள கட்டில் தேடுவதே பொருத்தம். மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி கருத்தளவையை, அதாவது அனுமானத்தை, மூன்றாகப் பிரிக்கிறான். அவற்றில் பொது என்னும் வகைக்குத் தரப்படும் எடுத்துக்காட்டு ஒலியைப் பற்றியது: காட்டில் யானையின் ஒலியைக் கேட்டவன் அங்கே யானை இருப்பதை உணர்கிறான். கேட்பது என்பது பெரும்பாலும் இதுதான். ஒலி கேட்பவரை ஒலியில் நிறுத்துவதில்லை; அதை உண்டாக்கியதிடம் கொண்டுசெல்கிறது. விளையாட்டின் ஒலி, எஞ்சினின் நிலையை ஆட்டக்காரர் சரியாக அனுமானிக்க விடுகிறது என்றால் மெய். தவறாக அனுமானிக்க வைக்கிறது என்றால் பொய். அந்த அனுமானம் சரிதானா என்று அறிய நியாய மரபு ஓர் உரைகல்லைத் தருகிறது. நியாய சூத்திரங்களுக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் தம் நூலின் தொடக்கத்திலேயே, அறிவை நம்பிச் செயலில் இறங்கும்போது அச்செயல் பலிப்பதைக் கொண்டு அறிவின் செம்மையை நிறுவுகிறார். கானல்நீரை நீர் என்று எண்ணி ஓடியவனின் தாகம் தீராது.

இரட்டை எஞ்சின் விமானத்தில் இந்த உரைகல்லை நேரடியாக உரசிப் பார்க்கலாம். இரண்டு எஞ்சினும் நிமிடத்துக்கு 2400, 2412 என்று சிறிது வேறுபட்டுச் சுழல்வதாகக் கொள்வோம். மூன்று பிளேடு புரொப்பல்லர்கள் எஞ்சினோடு நேரே பிணைந்திருந்தால் ஒன்றின் ஒலி 120 ஹெர்ட்ஸ், மற்றதன் ஒலி 120.6 ஹெர்ட்ஸ். இரண்டும் கலந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் நொடிக்கு ஒருமுறை ‘வூம், வூம்’ என்று ஏறியிறங்கும். விமானி புரொப்பல்லர் நெம்புகோலை மயிரிழை அளவு நகர்த்துவார். துடிப்பு விரைந்தால் தவறான பக்கம் நகர்த்தியிருக்கிறார். நீண்டால் சரியான பக்கம். மெல்ல மெல்ல நீண்டு துடிப்பு அடங்கும்போது இரண்டு எஞ்சினும் இணைந்துவிட்டன என்று காது சொல்லும், அளவுமானியைப் பார்க்க வேண்டியதில்லை. இப்போது, பறக்கும் அசல் விமானத்தின் காக்பிட்டில் மிக நேர்த்தியாகப் பதிவுசெய்த ஒலியை ஒரு விளையாட்டு பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிவான நேரத்தில் எஞ்சின்கள் சற்றே இணையாமல் இருந்திருந்தால் அந்தத் துடிப்பும் பதிவிலேயே ஊறியிருக்கும். ஆட்டக்காரர் நெம்புகோலை எப்படி நகர்த்தினாலும் அது போகாது. இணைந்திருந்த நேரத்தில் பதிவாகியிருந்தால் எவ்வளவு பிசகினாலும் துடிப்பு வராது. இரண்டிலும் ஒலி அசல், அனுமானம் பொய். இரண்டு எஞ்சினுக்கும் தனித்தனியாகச் செயற்கையில் பிறப்பித்த சாதாரண ஒலிகூட இந்த இடத்தில் மெய் சொல்லும், ஏனென்றால் துடிப்பு அங்கே தானாகப் பிறக்கிறது.

தொடக்க கால மெர்லினின் குறை ஒன்றும் இதே பாடத்தைத் தருகிறது. மிதவைக் கார்புரேட்டர் கொண்ட அந்த எஞ்சின், விமானி மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எரிபொருள் சீராக வராமல் திணறிவிடும். எரிபொருளை நேரே பீய்ச்சும் ஜெர்மானிய எஞ்சினுக்கு அந்தக் குறை இல்லை; துரத்தப்படும் ஜெர்மானிய விமானி மூக்கைத் தாழ்த்தித் தப்பினார். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் எரிபொருள் பாதையில் வைத்த சின்னத் துளைத்தகடு 1941-ல் இதை ஓரளவு தீர்த்தது. அதற்கு முந்தைய காலத்து ஸ்பிட்ஃபயரை ஓட்டும் ஆட்டக்காரர் மூக்கைத் தள்ளியதும் ஒலி அறுபட வேண்டும், பிறகு விக்கித் திரும்ப வேண்டும். அப்படிச் செய்யாத ஒலி எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அது அந்த எஞ்சினின் ஒலி அல்ல.

விளையாட்டில் அசல் எஞ்சினே இல்லையே, அனுமானம் எதைச் சென்று தொடுகிறது என்று கேட்கலாம். ஆட்டக்காரர் எஞ்சினைக் கேட்கிறேன் என்று எண்ணுகிறார், அது பிழையே. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இதற்குப் பொருந்தும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். மாணிக்கத்தின் ஒளிக்கீற்றை மாணிக்கம் என்று எண்ணி ஒருவன் ஓடுகிறான்; விளக்கின் ஒளிக்கீற்றை மாணிக்கம் என்று எண்ணி இன்னொருவன் ஓடுகிறான். இருவர் அறிவும் பிழைதான். ஆனால் முன்னவன் கைக்கு மாணிக்கம் வரும், பின்னவன் கைக்கு வராது. பிழைக்குள்ளும் பொருளோடு கட்டுண்ட பிழை உண்டு, கட்டில்லாத பிழை உண்டு. சிமுலேட்டரில் அந்தக் கட்டு இரண்டு கண்ணிகளால் ஆனது: ஒலி எண்களோடு கட்டுண்டிருக்க வேண்டும், எண்கள் அசல் எஞ்சினின் நடத்தையோடு கட்டுண்டிருக்க வேண்டும். ஒலியைத் திருத்துவதாகத் தொடங்கிய வேலை பல நேரங்களில் எஞ்சினின் கணிதத்தைத் திருத்துவதில் போய் முடிவது இதனால்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அனுமானம் மட்டும் போதுமென்றால் சுழற்சிக்கேற்ப ஏறியிறங்கும் ஒற்றைப் பீப் ஒலியும் மெய்யானதாகிவிடுமே? அதை யாரும் எஞ்சினின் ஒலி என்று ஏற்க மாட்டார்களே? மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. பீப் ஒலி ஒரே ஒரு கட்டை மட்டும் காக்கிறது. அசல் ஒலி ஒரே நேரத்தில் நூறு கட்டுகளைச் சுமக்கிறது: எது வேகம், எது சுமை, எது சூடு, எஞ்சின் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு தொலைவு. ஒப்புமை என்று காது மெச்சுவது பெரும்பாலும் இந்த நூறும் குறையாமல் இருப்பதைத்தான். ஜெட் எஞ்சின் இதற்கு நல்ல சான்று. போயிங் 737-இல் உள்ள சிஎஃப்எம்56-7பி எஞ்சினின் முன்விசிறிக்கு 24 பிளேடுகள். நிமிடத்துக்கு 5175 சுழற்சி என்றால் முன்பக்கம் நிற்பவருக்கு 2070 ஹெர்ட்ஸில் ஊளை கேட்கும். மேலெழும் நேரத்தில் பிளேடு நுனிகள் ஒலியின் வேகத்தை மிஞ்சுவதால் மரமறுப்பதுபோல ஒரு கரகரப்பும் சேரும். பின்பக்கம் நிற்பவருக்கு வெளியேறும் வாயுவின் முழக்கம். அதன் ஆற்றல் வாயு வேகத்தின் எட்டாம் அடுக்கில் வளர்கிறது என்று ஜேம்ஸ் லைட்ஹில் 1952-ல் காட்டினார். வேகம் பாதியானால் ஆற்றல் 256-இல் ஒரு பங்காகிவிடும். எல்லாப் பக்கமும் ஒரே ஒலியை உரப்பு மட்டும் மாற்றித் தரும் விளையாட்டில், கண்ணை மூடிக் கேட்டால் விமானம் வருகிறதா போகிறதா என்றே தெரியாது. ஏர்பஸ் ஏ320-இல் தரையில் ஓர் எஞ்சின் மட்டும் ஓடும்போது அடியிலிருந்து நாய் குரைப்பதுபோல வரும் ஹைட்ராலிக் கருவியின் ஒலியை ஆட்டக்காரர்கள் விரும்பிக் கேட்பதற்கும் காரணம் அதன் இனிமை அல்ல. எது நடந்தால் அது குரைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் மறுப்பின் மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. சில ஒலிகளின் பொருள் அவற்றைப் பிறப்பித்த பொறியில் முடிவதில்லை. ஜெர்மானிய ஸ்டூக்கா விமானங்கள் சிலவற்றின் சக்கரக் கால்களில், சிறு புரொப்பல்லரால் சுழலும் ஊதுகருவி பொருத்தப்பட்டிருந்தது. செங்குத்தாகப் பாயும்போது அது ஓலமிடும். பறப்பதற்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, வேகத்தைக் குறைக்கவே செய்யும். கீழே இருப்பவரை நடுங்க வைப்பதே அதன் வேலை. பிற்காலத் திரைப்படங்கள் விழும் விமானம் எதுவானாலும் அந்த ஓலத்தையே ஒட்டவைத்துவிட்டன. இந்த ஒலியின் காரணத்தில் அச்சுறுத்தும் நோக்கமும் அடக்கம். அச்சமே எழாமல் கேட்கப்படும் ஓலம், அனுமானத்தில் சரியாக இருந்தும், எதையோ விட்டுவிடுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தின் சங்குகர் நாடகத்தைப் பற்றிச் சொன்னது இங்கே உதவும். ஓவியக் குதிரையைக் கண்டு இது குதிரை என்கிறோம். அந்த அறிவு மெய்யுமில்லை, பொய்யுமில்லை, ஐயமுமில்லை, ஒப்புமையுமில்லை, தனி வகை அறிவு என்றார் அவர். பின்னால் வந்த அபிநவகுப்தர் நாடகம் போலச் செய்தலே அல்ல என்று அதை மறுத்தார். நாடகத்தில் எழும் அச்சம் பார்ப்பவரை ஓடச் செய்யாமல் சுவையாகிறது என்பது அவர் நிலைப்பாடு. விளையாட்டில் ஸ்டூக்காவின் ஓலம் அப்படிச் சுவையாவது இயல்பே. ஆனால் நாடகத்தில் பார்வையாளர் அஞ்சுபவரின் பக்கம் அமர்கிறார். விமான விளையாட்டில் ஆட்டக்காரர் பெரும்பாலும் ஓலமிடும் விமானத்துக்குள் அமர்கிறார். தரையில் ஓடுபவரின் காதுக்கு அது எப்படி வந்தது என்பதையும் கேட்க வைக்கும் விளையாட்டே இந்த ஒலிக்கு முழு நியாயம் செய்கிறது.

பறக்கும் நிலையில் ஸ்டூக்கா எதுவும் இன்று இல்லை. அதன் யுங்கர்ஸ் யூமோ 211 எஞ்சினை வானில் பதிவுசெய்ய வழியில்லை. பழைய செய்திப்பட ஒலித்தடங்களில் எது நேரில் பதிவானது, எது பிறகு சேர்த்தது என்று பிரிப்பதும் எளிதல்ல. அளவைவாதி சொன்ன மற்ற இரண்டு வகைகளும் இங்கே தேவைப்படுகின்றன. வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்ததை அறிவது எச்சம். கருத்த முகிலைக் கண்டு மழை வரப்போவதை அறிவது முதல். கேட்பவர் எச்சத்தின் வழியே, விளைவிலிருந்து காரணத்துக்குப் போகிறவர். மறைந்த எஞ்சினின் ஒலியை மீட்பவர் முதலின் வழியே போக வேண்டும்: 12 சிலிண்டர், 35 லிட்டர், தலைகீழ் வி வடிவம், புகைக்குழாயின் நீளம், பல்சக்கர விகிதம் என்று வரைபடத்தில் இருக்கும் காரணங்களிலிருந்து ஒலிக்கு. அந்தக் கணிதத்தை நம்பலாமா என்று அறிய, இன்றும் பறக்கும் எஞ்சின் ஒன்றுக்கு, உதாரணமாக மெர்லினுக்கு, முதலில் அதை ஓட்டி, பதிவோடு ஒப்பிட்டு, எங்கே பிசகுகிறது என்று பார்த்துத் திருத்த வேண்டும். பிறகு மெர்லினின் எண்களை எடுத்துவிட்டு யூமோவின் எண்களை இடலாம்.